பன்னிரண்டு வோல்ட் நற்சான்றிதழ்

மேசைக்கு அடியில்

மார்கழி விடியல். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் மேசைக்கு அடியில், ஈரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். தலையில் மப்ளர். வாயில் சின்ன டார்ச். மடியில் மூடி கழற்றிய கறுப்பு அடாப்டர். கையில் சால்டரிங் கம்பி புகைந்துகொண்டிருந்தது.

பழுது பார்க்கிறவன் கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைப்பான். நான் அன்று நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டிருந்தேன்.

சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் ஏழுமலை மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா வாத்தியாரே, குங்கிலிய வாசன வருது? நான் கற்பூரந்தானே ஏத்துனேன்?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன். "ஒயர் ஒண்ணு லூசா இருக்குது. சரி பண்றேன்."

டார்ச்சை மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன்.

"எழுவது வயசுல, இந்தப் பனியில, ஊருக்காக ஒழைக்கிறீங்க. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா இந்த ஊரு எங்கயோ போயிடும்," என்றார் ஏழுமலை.

வாயில் டார்ச் இருந்தது நல்லதாகப் போயிற்று. பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லபடியாகவே எழுதிவந்திருக்கிறேன். சென்ற வாரம் பாலிடெக்னிக்கில் நான் எவ்வளவு கண்டிப்பான ஆசிரியன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி கமலா, "பால் சங்கத்துக் கதைய எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். அப்புறம் எழுதலாம் என்றேன். "அப்புறம்னா, போட்டோவுக்கு மாலை போட்டதுக்கு அப்புறமா?" என்றாள்.

ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன்.

ராசியான கை

எங்கள் ஊர் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், உறுவையாற்றுப் பக்கம். நெல், கரும்பு, அது போக மாடு. காலை ஐந்தரைக்கும் மாலை நான்கரைக்கும் பால் சங்கத்தில் வரிசை நிற்கும்.

முன்பெல்லாம் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தப் பிதுக்கலில்தான் தரம் இருந்தது. பிறகு மிஷின் வந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் பாலை எடுத்து அதன் மூக்கில் நீட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நிமிஷத்தில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். சுவரில் வருகிற கரண்டைப் பன்னிரண்டு வோல்டாக மாற்றி அந்த மிஷினுக்குக் கொடுப்பதுதான் மேசைக்கடியில் கிடந்த அடாப்டர்.

மிஷின் தண்ணீர் என்று சொன்னால் கரும்பலகையில் பெயர் ஏறும். மூன்று முறை ஏறினால் பொதுக்கூட்டத்தில் வைத்து உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பாலை எதிர்வீட்டுக்காரர்கூட வாங்கமாட்டார்.

மலர்க்கொடிக்கு ஐம்பது வயது இருக்கும். கரும்பு வெட்டப் போன இடத்தில் முதுகு ஒடிந்து புருஷன் படுத்துவிட, இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிராளி இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் கை ராசியான கை என்று ஏழுமலைக்கு ஒரு நம்பிக்கை. அவள் முதலில் ஊற்றினால் அன்று பால் திரியாது, வண்டி பஞ்சராகாது, கேன் நிறையும். அதனால் தினமும் அவள்தான் வந்து தன் கையால் மிஷின் சுவிட்சைப் போடவேண்டும். அவள் பாலைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அவள் வரப் பத்து நிமிஷம் தாமதமானாலும் ஊரே பனியில் காத்து நிற்கும். வேறு யாரும் சுவிட்சைத் தொட்டுவிடக் கூடாது.

இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத்தான் நினைவில் வைக்கத் தெரியவில்லை.

அந்த மார்கழியில் பனி கடுமை. ஒரு காலை, மலர்க்கொடியின் பாலில் தண்ணீர் என்று மிஷின் சொன்னது. நான்கு நாள் கழித்து மறுபடியும். இரண்டு முறை பலகையில் பெயர் ஏறியது. ஆனால் மாலையில் அதே மாடுகளின் பால் சுத்தமாக இருந்தது.

டீக்கடையில் உடனே தீர்ப்புச் சொன்னார்கள்.

"சாயங்காலம் வெளிச்சத்துல ஊத்த முடியாது. காலைல இருட்டுல ஊத்திடறா."

தர்க்கத்தில் ஓட்டை இல்லாத முடிவு. உண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்றுதான் குறை.

இவ்வளவுக்கும் பிறகு ஏழுமலை அவளைத்தான் முதலில் ஊற்றச் சொன்னார். "கை ராசியான கைதான் வாத்தியாரே. பாலுதான் சரியில்ல," என்று எனக்கு விளக்கினார்.

ஒன்பதரை மணிச் சோதனை

மிஷினில்தான் கோளாறு என்று மலர்க்கொடி சாதித்தாள். ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துப் பாடமும் நடத்தியவன் நான் ஒருவன்தான். கூப்பிட்டார்கள்.

"அஞ்சரைக்கு வந்து பாருங்க சார். அப்பதான் அது அப்பிடிக் காட்டுது," என்றாள் மலர்க்கொடி.

தலையாட்டினேன். ஒன்பதரைக்குப் போனேன்.

விடியலில் எழுவது எனக்குப் பிடிக்காது. பணி ஓய்வில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் காலைத் தூக்கம். நான்கு இட்லி, வேர்க்கடலைச் சட்னி, ஒரு காபி எல்லாம் முடித்து வெயில் ஏறிய பிறகு மல்டிமீட்டரோடு போய் இறங்கினேன். அதற்குள் நாற்பது பேர் ஊற்றிப் போயிருந்தார்கள். மேசைக்கடியில் அடாப்டர் கோழிக்குஞ்சு போல வெதுவெதுப்பாக இருந்தது. மீட்டரின் முனைகளை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்டும் கொசுறாகக் கொஞ்சமும். துல்லியம்.

ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, "இம்மின்வழங்கியும் இக்கருவியும் எவ்விதக் குறைபாடுமின்றி இயங்குகின்றன" என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே பட்டங்களையும் போட்டேன். ஏழுமலை அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். மறுநாள் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

இங்கே ஒரு பழைய கதை. பாலிடெக்னிக்கில் ஒரு மாணவன் செய்முறைத் தேர்வில், அடாப்டரின் வெளியீடு சுத்தமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். அவனை நிறுத்தி, வகுப்பே கேட்கும்படி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "மல்டிமீட்டர் சராசரியைத்தான் சொல்லும். பாகூர் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லும். அலை அடிக்கிறதா என்று சொல்லாது. அலையைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும்." நல்ல உவமை. அதைச் சொல்லிவிட்டு அவனைப் பெயிலாக்கினேன்.

அவனை எதற்காகப் பெயிலாக்கினேனோ, அதையேதான் பால் சங்கத்தில் நான் செய்தேன். எனக்குச் சந்தனப் பொட்டு கிடைத்தது.

மறுநாள் விடியலில் மிஷின் மறுபடி தண்ணீர் என்றது. அதுவரை ஏழுமலைக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்ததாம். என் சான்றிதழ் வந்ததும் அது போய்விட்டது. மூன்றாவது முறையாகப் பெயரை எழுதினார். மலர்க்கொடி கிட்டப் போய், சான்றிதழின் கீழே இருந்த என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். பொதுக்கூட்டம் பத்தே நாளில் வர இருந்தது.

கமலாவின் முட்டி

அன்று காலை நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கமலா சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தண்ணி கலக்கறவ சாயங்காலம் ஏன் கலக்கல?"

"வெளிச்சம் இருக்குது இல்ல."

"அவ வூட்டுத் தண்ணிக் குழா சமையல் ரூம்ல இருக்குது. வெளிச்சம் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

பக்கத்தைத் திருப்பினேன்.

"இந்தக் குளிர்ல காலைல எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. வெயிலு ஏறுனாதான் நாலு அடி நடக்கறேன். உங்க மிஷினுக்கு முட்டி கிட்டி இல்லியா?"

செய்தித்தாள் என் கையிலிருந்து இறங்கியது.

முட்டி இருந்தது. அந்த வகை அடாப்டர்களின் முட்டி எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அந்தக் காலத்து அடாப்டர் செங்கல் கனம் இருக்கும். இப்போதுள்ளவை இலேசு. காரணம், இவை மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஆயில் எஞ்சின் பம்புசெட்டைப் பார்த்திருப்பீர்கள். குழாயிலிருந்து தண்ணீர் குபுக் குபுக்கென்று விழும். ஆனால் தொட்டியில் விழுந்து நிறைந்து வாய்க்காலுக்குப் போகிற தண்ணீர் அமைதியாகப் போகும். அடாப்டரில் அந்தத் தொட்டியின் வேலையைச் செய்வது கண்டென்சர் என்கிற சின்ன அலுமினிய உருளை. வயதானால் அதற்குள் இருக்கிற திரவம் வற்றும். வற்றிய கண்டென்சர் குளிரில் விறைத்துக்கொள்ளும். குபுக் குபுக் அப்படியே வாய்க்காலுக்குப் போகும். அதைத்தான் ரிப்பிள் என்கிறோம். அதை வாங்குகிற மிஷின் தப்பாகக் கணக்குப் போடும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் கண்டென்சர் இளகிக் கொடுக்கும். கமலாவின் முட்டி மாதிரி.

மிஷின் தினமும் தன் விறைத்த நிலையில் பார்த்தது ஒரே ஒருவரின் பாலை. ராசியான கைக்காரியின் பாலை. அவள் பாலை அளந்து கணக்கு எழுதி, அடுத்தவர் முன்னால் வருவதற்குள் கண்டென்சர் இளகிவிடும்.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு நோயாளி

தூசி தட்டித் தருகிறேன் என்று ஏழுமலையிடம் சொல்லி அடாப்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலைப் பாலுக்குள் திருப்பித் தரவேண்டும்.

ஓய்வு பெற்றபோது எனக்கு நானே வாங்கிக்கொண்ட ஆசிலாஸ்கோப்பை மேசைமேல் வைத்தேன். கமலா அதை ஈசிஜி டப்பா என்பாள். பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பல்பைச் சுமையாகக் கட்டி, அடாப்டரின் வெளியீட்டில் அளவுக் கம்பியை வைத்தேன்.

திரை முழுக்க முள். கருவேலங்காட்டை வரைந்தது போல. எனக்கு ஒரே ஆனந்தம். "கண்டுபிடிச்சிட்டேன்," என்று சமையலறைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அளவுக் கம்பியின் நுனியை அதன் பக்கத்தில் தொங்குகிற தரைக் கம்பியின் கிளிப்பிலேயே தொட்டேன். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் திரையில் வெறும் கோடுதான் இருக்கவேண்டும். முட்கள் அப்படியே இருந்தன.

அதாவது அவற்றில் பெரும்பகுதி அடாப்டரிலிருந்து கம்பி வழியாக வந்தது இல்லை. ஒரு சாண் நீளத் தரைக் கம்பி, பழைய வீட்டு மாடி ஆன்டெனா போல, காற்றில் வந்த இரைச்சலைப் பிடித்து எனக்கே காட்டிக்கொண்டிருந்தது. அது நான் கொண்டுவந்த இரைச்சல்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கமலா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல."

"அப்ப எதுக்குக் கத்துனீங்க?"

நீளக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியின் கழுத்திலேயே ஒரு விரற்கடை செம்புக் கம்பியைச் சுற்றி, வெளியீட்டின் இரு முனைகளையும் ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தேன். முட்கள் மறைந்தன. இலேசான அலை மட்டும் இருந்தது. கொஞ்சம் உயரம்தான், ஆனால் குற்றம் சாட்டுகிற அளவுக்கு இல்லை. நோயாளி சூடாக இருந்தான்.

அடாப்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

அரை மணி கழித்துக் கமலா தயிர் எடுக்கப் போனாள்.

"இது இன்னாது?"

"சங்கத்து அடாப்டர்."

"ஊறுகா போடப் போறீங்களா?"

எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். திரையில் அலை எழுந்து நின்றது. சீரான, தடித்த அலை. இந்த முறை நுனியையும் தரையையும் சேர்த்துத் தொட்டுச் சோதித்தேன். கோடு நேராகப் படுத்தது. இது அடாப்டரின் அலைதான்.

வெந்நீர் நிரப்பிய இருமல் மருந்துச் சீசாவைக் கண்டென்சரின் தலையில் வைத்தேன். அலை மெல்ல இறங்கியது. சீசாவை எடுத்தேன். ஆறியதும் ஏறியது. வாசகர்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே முந்நூறு வோல்ட் படுத்திருக்கும். கிழவர்கள் செத்தால் பரவாயில்லை என்கிற வயதில்தான் நான் செய்தேன்.

நல்ல கண்டென்சர் வாங்க வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே எலெக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருப்பவன், நான் பெயிலாக்கிய அதே மாணவன்.

"எதுக்கு சார் கண்டென்சர்? ரிப்பிளா?"

"ஆமாம்."

"மல்டிமீட்டர்ல பாத்தீங்களா சார்?" என்றான், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

சில்லறையைக்கூட எண்ணாமல் வெளியே வந்தேன்.

நான் செய்யாத ஒன்று

புதுக் கண்டென்சரை வைத்தேன். ஃபிரிட்ஜில் குளிரவைத்து மறுபடி சோதித்தேன். கோடு அசையவில்லை. மாலை நான்கு மணிக்கு அடாப்டரைச் சங்கத்தில் மாட்டினேன்.

"இன்னா வாத்தியாரே, எதனா கோளாறா?" என்று ஏழுமலை கேட்டார்.

சாமி படத்துக்குக் கீழே என் பட்டங்கள் சந்தனப் பொட்டோடு தொங்கின.

"தூசிதான்," என்றேன்.

இதுதான் நான் எழுத வந்தது. முதலில் செய்தது சோம்பல். சோம்பலுக்கு மன்னிப்பு உண்டு. இது சோம்பல் இல்லை. இனிமேல் அவள் பால் சரியாகக் காட்டும், விஷயம் தானாக அடங்கிவிடும், நான் தப்பு செய்தேன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டுப் பேசிய பொய்.

மறுநாளிலிருந்து மலர்க்கொடியின் பால் சுத்தமாகக் காட்டியது. நான்கு நாள் தொடர்ந்து. ஐந்தாம் நாள் டீக்கடையில் எனக்கு டீயோடு ஒரு வடையும் வந்தது.

"வாத்தியாரு சர்டிபிகேட்டு குடுத்தாரு, அவ பயந்துட்டா. தண்ணி ஊத்தறத வுட்டுட்டா பாத்தியா," என்றார் கடைக்காரர்.

"ஒப்புக்கிட்ட மாதிரிதானே," என்றார் இன்னொருவர்.

நான் ரகசியமாகச் செய்த ரிப்பேர், அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஏழுமலை ராசியையும் பறித்தார். "நம்பி மொத ஊத்து குடுத்தேன், ஏமாத்திட்டா," என்று அன்றிலிருந்து தானே முதலில் ஊற்ற ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெயரை எடுத்துவிடுவது என்று பேச்சு முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்றிய கையோடு மலர்க்கொடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், நான் ஒண்ணுமே மாத்தல. அதே மாடு, அதே தவுடு, அதே சொம்பு. முன்ன தப்பாக் காட்டுன மிஷினு இப்ப எப்பிடி சார் சரியாக் காட்டுது? நீங்க படிச்சவரு. ஞாயித்துக்கெழம கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"குளிர் கொறஞ்சிருக்கும்மா," என்றேன்.

அவள் தன் தோளைச் சுற்றியிருந்த போர்வையைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைச் சுற்றியிருந்த மப்ளரைப் பார்த்தாள்.

"சரி சார்," என்று போய்விட்டாள்.

சமையலறையில் பாத்திர மூடி ஒன்று கீழே விழுந்தது. தானாக விழுந்த சத்தம் இல்லை அது.

ஏழுமலை வீட்டு எருமை

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு திட்டம் உதித்தது. கழற்றிய பழைய கண்டென்சர் என் டப்பாவில் இருந்தது. எதையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. அதை மறுபடி வைத்துவிட்டால், இப்போது முதலில் ஊற்றுகிற ஏழுமலையின் பாலில் மிஷின் தண்ணீர் காட்டும். ஏழுமலையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மிஷின்தான் கெட்டது என்று ஊரே சொல்லும். மலர்க்கொடி தப்பிப்பாள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

கமலாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்கறத வுட உங்களுக்கு இது சுலபமா இருக்குதா?" என்றாள்.

இப்படித்தான் சனிக்கிழமை விடியலில், வாழ்நாளில் முதல்முறையாக யாரும் எழுப்பாமல் எழுந்து, அந்த மேசைக்கடியில் போய் உட்கார்ந்தேன். வேலையை முடித்து மூடியை மூடி, அடாப்டரைக் குளிர்ந்த தரையில் படுக்கவைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

வரிசை சேர்ந்தது. ஏழுமலை கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டார். தன் எருமைப் பாலைக் கிண்ணத்தில் எடுத்து நீட்டினார். மிஷின் உறிஞ்சியது. சிவப்பு எழுத்து வந்தது.

தண்ணீர்.

ஏழுமலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு கிண்ணம் எடுத்தார். மறுபடி தண்ணீர்.

"பலகையில எழுதுப்பா," என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எவன்டா அவன்? மிஷினு கெட்டுப் போச்சிடா."

வரிசையில் மூன்றாவதாக இடுப்பில் கேனோடு நின்ற மலர்க்கொடி வாயைத் திறந்தாள்.

"கெட்டிருக்காதுண்ணே. அதான் சாமிக்குக் கீழ எழுதித் தொங்குதே."

சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் காதில் விழுந்ததுதான் நான் கணக்குப் போடாதது.

"அப்ப செயலாளரும் கலக்கறாரு."

"அவள மாட்டி வுட்டுட்டு இவுரு ஊத்தியிருக்காரு பாரேன்."

மிஷினை யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு திருடி இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர். அவ்வளவுதான் நான் சாதித்தது.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "வாத்தியாரே, எங்க வூட்டு எருமைய உங்களுக்குத் தெரியும். எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்கள உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

இன்று காலையில்தான் மிஷின் கெட்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் ஏழுமலை தப்பிப்பார். நான் தப்பிப்பேன். சான்றிதழ் கொடுத்த நாளில் மிஷின் நன்றாகத்தான் இருந்தது என்று ஆகிவிடும். நாளை கூட்டத்தில் மலர்க்கொடியின் பெயர் போகும்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. பஸ் வராது என்று தெரிந்த பிறகும் சாலையைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

சொல்லிவிட்டேன். ஒன்பதரை மணி, மல்டிமீட்டர், ஃபிரிட்ஜ், கண்டென்சர், தூசி என்ற பொய், மேசைக்கடியில் அன்று நான் செய்தது, எல்லாவற்றையும். பாடம் நடத்துகிற குரல் வரவில்லை.

யாருக்கும் முதலில் புரியவில்லை. ஆகவே மப்ளரை அவிழ்த்து, ஓடிக்கொண்டிருந்த அடாப்டரைச் சுற்றிக் கட்டினேன். ஐந்து நிமிஷம் எல்லோரும் நின்றோம். பிறகு ஏழுமலையின் அதே கேனிலிருந்து அதே பாலை எடுத்து நீட்டினேன். மிஷின் உறிஞ்சியது. தண்ணீர் இல்லை.

தப்பான எண் ஏன் எப்போதும் தண்ணீர்ப் பக்கமே சாய்ந்தது என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். இன்றும் தெரியாது.

"அப்ப நீங்க ரிப்பேரு பண்ணிட்டு எங்களுக்குச் சொல்லல?" என்றார் ஏழுமலை.

"சொல்லல."

"இன்னிக்கி வந்து திருப்பிக் கெடுத்தீங்க."

"ஆமாம்."

"அதுவும் எம் பாலுக்கு. நான் வேற ஒழைக்கிறீங்கன்னு சொன்னேன்."

கூட்டம் சிரித்தது, திட்டியது, மறுபடி சிரித்தது. என் படிப்பை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்ன யோசனையை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

ஏழுமலை ஈரத்துணியோடு பலகையை நோக்கிப் போனார். மலர்க்கொடி கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் கையிலிருந்து துணியை வாங்கி என்னிடம் நீட்டினாள். மூன்று வரிகளையும் நான் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சான்றிதழையும் கழற்றினேன். அதைக் கிழிப்பதா, மடித்து வைப்பதா என்று யோசிப்பதற்குள் அவள் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஏழுமலை எழுந்து நின்று, தப்பு நடந்துபோச்சு தாயே என்று கும்பிட்டார். அன்று மத்தியானமே, சங்கத்து மேசைக்கு மேலே, பத்துப் பேர் பார்க்க, புதுக் கண்டென்சரை மறுபடி வைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"வா மலரு. நீயே வந்து சுவிட்ச போடு," என்று ஏழுமலை கூப்பிட்டார்.

அவள் வரிசையில் நான்காவதாக நின்றிருந்தாள். இடத்தை விட்டு நகரவில்லை.

"பரவால்லண்ணே. முன்ன மூணு பேரு ஊத்தட்டும்."

முன்னால் நின்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் முன்னால் போனேன். "இப்ப மிஷினு நல்லா இருக்குதும்மா. நானே எல்லார் எதிர்லயும் சரி பண்ணியிருக்கேன். மொதல்லயே ஊத்தலாம்."

மலர்க்கொடி முகத்தில் இலேசாக ஒரு சிரிப்பு வந்தது. கேனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"போன தடவையும் நல்லா இருக்குதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க," என்றாள்.

வரிசை அசையவில்லை.